முதல் குக்ரி வாங்கப் போகிறீர்களா? நான்கு வழிகளும் என் கணக்கும்

காத்மாண்டு போகிற நண்பர்களில் யாராவது ஒருவர் கடையில் நின்றபடியே படம் எடுத்து அனுப்பி, "இதை வாங்கலாமா?" என்று கேட்பது எனக்குப் பழகிவிட்டது. படத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிக் குக்ரி, அதாவது நேபாளத்தின் வளைந்த கத்தி. கண்ணாடிபோல் மின்னும் அலகு, சிங்கத்தலைப் பிடி, உறை முழுக்கப் பித்தளைப் பூவேலை. "பக்கத்தில் அலங்காரம் இல்லாத ஒன்று இருக்குமே, அதன் படத்தையும் அனுப்புங்கள்" என்று நான் கேட்பேன். அது என்னமோ மங்கலாக, கறுப்பு உறையில், மூலையில் இருக்கும்.

நம் ஊரில் கூர்க்கா என்ற சொல்லோடு சேர்த்தே இந்தக் கத்தியை அறிந்ததால் இதை ஆயுதமாகவே நினைக்கிறோம். நேபாள மலைக் கிராமத்தில் குக்ரி முதலில் ஒரு வேலைக் கருவி. விறகு பிளப்பது, மூங்கில் சீவுவது, மாட்டுக்குத் தழை வெட்டுவது, தசைன் பண்டிகைக்கு ஆடு வெட்டுவது எல்லாம் அதில்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். காய்கறி நறுக்க மட்டும் நேபாளக் கத்தி வேண்டுமென்றால் குக்ரியே வேண்டாம். அங்கே அதற்கு 'சுலேசி' இருக்கிறது. காலால் அழுத்திக்கொண்டு நறுக்கும் அது நம் அரிவாள்மனைக்கு உடன்பிறப்பு.

எதை வைத்து ஒப்பிடுவது

முதலில் தோய்ச்சல், அதாவது காய்ச்சிய இரும்பை நீரால் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்குவது. குக்ரியின் உயிர் அதில்தான் இருக்கிறது. நல்ல வேலைக் குக்ரிகள் பெரும்பாலும் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையிலிருந்து அடிக்கப்படுகின்றன. நம் ஊர் அரிவாள் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தண்ணீர் காட்டும் விதம்தான் தனி. சிவக்கக் காய்ந்த அலகை அப்படியே தொட்டியில் முக்குவதில்லை. கெட்டிலிலிருந்து வாயோரமாக மட்டும் நீரை ஊற்றிக்கொண்டே போகிறார் கொல்லர். அதனால் வாய் கடினமாகிறது, முதுகு மிருதுவாகவே நிற்கிறது. முடிச்சு விழுந்த கட்டையில் ஓங்கி இறக்கினாலும் கத்தி ஒடியாததற்குக் காரணம் இதுதான். அலகு முழுக்க ஒரே கடினம் இருக்காது. வயிறு பருத்த இடம்தான், அதாவது வெட்டு விழும் இடம்தான், மிகக் கடினம். நுனியும் பிடியை ஒட்டிய பகுதியும் கொஞ்சம் மிருது. கடைக்காரர் சம்மதித்தால் சின்ன அரத்தை வயிற்றின் வாயில் லேசாக ஓட்டிப் பாருங்கள். அரம் வழுக்க வேண்டும். முதுகில் ஓட்டினால் பிடிக்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி பிடித்தால் அது தோய்ச்சல் காணாத இரும்பு.

இரண்டாவது, பிடிக்குள் போகும் வால். பழைய முறையில் மெலிந்த வால் ஒன்று பிடிக்குள் நுழையும். லாஹா என்ற அரக்குப் பசையை உருக்கி ஊற்றி அதை இறுக்குவார்கள். இன்னொன்று பனாவல். அதில் பிடியின் அகலத்துக்கே இரும்பு ஓடும். இரண்டு பக்கமும் மரத்தையோ கொம்பையோ வைத்து ஆணி அறைவார்கள்.

மூன்றாவது, நீளமும் எடையும். 10 முதல் 11 அங்குல அலகு, 500 முதல் 700 கிராம் எடை. முதல் குக்ரிக்கு இதற்கு மேல் வேண்டாம். கடையில் கையில் எடுத்தால் பெரிய கத்திதான் பிடித்துப்போகும். இருபது வெட்டுக்குப் பிறகு மணிக்கட்டு வேறு கதை சொல்லும்.

நான்காவது உறை. இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் விரல் போவது இங்கேதான். உறையைத் தலைகீழாகப் பிடித்தால் கத்தி விழக்கூடாது. உருவும்போது எங்கும் முட்டவும் கூடாது.

ஐந்தாவது, செய்தவர் யார் என்பது. குக்ரி அடிப்பவர்கள் வழிவழியாகக் காமி சமூகத்தார். பலர் விஸ்வகர்மா என்று குடும்பப் பெயர் போட்டுக்கொள்கிறார்கள். ஊர்க்காரர்களின் கருவிகளையெல்லாம் அடித்தும் பழுதுபார்த்தும் கொடுத்துவிட்டு, அறுவடைக்குப் பின் தானியமாகக் கூலி வாங்கிய சமூகம் அது. அந்த முறைக்கு 'பாலி' என்று பெயர். தீண்டத்தகாதவர் என்று அவர்களை ஒதுக்கிய வழக்கத்தை நேபாளச் சட்டம் 1963இல்தான் நீக்கியது. நாம் கொடுக்கும் காசில் எவ்வளவு அந்தக் கைக்குப் போகிறது என்று பார்ப்பதை நல்லெண்ணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. செய்தவரைப் பெயர் சொல்லிக் காட்டத் தயாராக இருக்கும் விற்பனையாளரிடம் கத்தியும் நன்றாகவே இருக்கிறது.

வழி ஒன்று: சுற்றுலாக் கடையின் அலங்காரக் குக்ரி

காத்மாண்டுவின் தமேல் தெருக்களில் தொங்குவது இது. என் முதல் குக்ரியும் இதுதான். வெள்ளைக் கல் பதித்த உறை, சிங்கத்தலை. ஊருக்கு வந்து முருங்கைக் கிளை நாலு வெட்டியதும் பிடி ஆடத் தொடங்கியது. இரண்டு மாதத்தில் கையோடு கழன்று வந்துவிட்டது. வால் உள்ளே இரண்டு அங்குலம்கூட இல்லை.

சுவரில் மாட்ட, பரிசு கொடுக்க இது போதும். விலை குறைவு, கையோடு கிடைக்கும். ஆனால் இதை வைத்து வெட்டக்கூடாது. வேகமாக வீசும்போது கழன்று போகும் அலகு எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. மலிவு என்று வாங்கியவர் பிறகு வேலைக்கு இன்னொன்று வாங்கத்தான் வேண்டும். மறைந்திருக்கும் செலவு அது.

கடையில் ஒரு கதையும் சேர்த்து விற்பார்கள்: உறையிலிருந்து உருவிய குக்ரி ரத்தம் பார்க்காமல் உள்ளே போகாதாம். தினமும் விறகு வெட்டும் வீட்டில் அப்படி ஒரு விதி நடக்குமா? அது வெளியூர்க்காரர்களுக்கான கதை. பிடிக்கு மேல் அலகில் இருக்கும் வெட்டுக்கும், அதாவது கௌடிக்கும், பசுவின் குளம்பு, சிவனின் திரிசூலம், ரத்தம் பிடிக்கு வழியாமல் தடுக்க என்று பல விளக்கங்கள் உண்டு. எதை நம்பினாலும் சரி, அந்த மூலையிலிருந்து மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

வழி இரண்டு: கிழக்கு மலையின் பட்டறைக் குக்ரி

போஜ்பூரும் தரானும் குக்ரிக்குப் பெயர்போன ஊர்கள். கிழக்கு நேபாளத்தின் போஜ்பூர், 'போஜ்புரே' என்ற வயிறு பருத்த வடிவத்துக்கே பெயர் கொடுத்தது. தரானில் பிரிட்டிஷ் கூர்க்கா முகாம் பல ஆண்டுகள் இருந்ததால் அங்கே குக்ரி வியாபாரமும் செழித்தது. இந்தப் பக்கத்துப் பட்டறைகளில், 'ஆரன்' என்று சொல்வார்கள், விவசாயிக்காக அடிக்கும் கத்தி கிடைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அழகுக்கு ஒன்றும் இருக்காது. அலகில் சம்மட்டித் தடம் தெரியும், பாலிஷ் பாதிதான் இருக்கும், உறையின் தோல் தையல் கோணலாகப் போகும். ஆனால் அந்தக் கொல்லரின் வாடிக்கையாளர் அடுத்த மேட்டில் இருப்பவர். வாய் மழுங்கினால் மறுநாளே கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். இதைவிடப் பெரிய தர உத்தரவாதம் எந்தக் கடையும் தர முடியாது.

வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். சிருபாத்தே மெலிந்து நீண்டது. பெயரே ஒரு புல்லின் இலையிலிருந்து வந்தது. தழைக்கும் கொடிக்கும் அருமையாக ஓடும், தடித்த கட்டையில் திணறும். போஜ்புரே எல்லா வேலைக்கும் சமாளிக்கும். புதுனா இன்னும் அகலம். மீன் தலை போன்ற அந்த நுனி கட்டை பிளக்க நல்லது, சின்ன வேலைக்குத் தொல்லை. முதல் கத்தி என்றால் போஜ்புரே.

சிரமங்களும் உண்டு. ஒரு கத்திபோல் இன்னொன்று இருக்காது. முதுகின் வழியாகக் கண்ணை ஓட்டி அலகு நேராகப் போகிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும். நேரில் போகாமல் இதை வாங்குவது கடினம். அந்த மலைப்பாதைப் பயணத்தையும் விலையோடு கூட்டித்தான் பார்க்க வேண்டும். தசைனுக்கு முந்தைய வாரங்களில் போனால் பட்டறையில் நமக்கு நேரம் கொடுக்க ஆள் இருக்காது. நம் ஆயுத பூஜை வரும் அதே நவராத்திரிதான் அங்கே தசைன். அப்போது அங்கேயும் கருவிகளுக்குப் பூஜை நடக்கும்.

நேபாளத்துக்கே போகிறவர், அல்லது கிழக்கு நேபாளத்தில் தெரிந்தவர் இருப்பவர், தோட்டத்திலோ காட்டிலோ நிஜமாகவே வெட்டப்போகிறவர் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

வழி மூன்று: இணையத்தில் விற்கும் ஏற்றுமதிக் குக்ரி

காத்மாண்டுவிலும் தரானிலும் சொந்தக் கொல்லர்களை வைத்துச் செய்து உலகம் முழுக்க அனுப்பும் நிறுவனங்கள் இப்போது நிறைய. கூர்க்கா படையணிகளில் வழங்கப்படும் 'சர்வீஸ்' மாதிரி இவர்களிடம்தான் அதிகம் விற்கிறது. அலகு 10 அங்குலத்தை ஒட்டி, எருமைக் கொம்புப் பிடி, கறுப்புத் தோல் உறை, உறையின் பின்பக்கப் பைகளில் கர்தாவும் சக்மக்கும்.

கர்தா ஒரு குட்டிக் கத்தி. சக்மக் அதே அளவில் இருக்கும் மழுங்கல் இரும்பு. வெட்டிய பிறகு மடங்கிய வாயைத் தேய்த்து நிமிர்த்த அது. மலிவான கத்திகளோடு வரும் சக்மக் வெறும் பச்சை இரும்பாக இருக்கும், எதற்கும் ஆகாது. வாங்கும் முன் சக்மக்குக்கும் தோய்ச்சல் உண்டா என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். வரும் பதிலிலேயே விற்பவரின் தரம் தெரிந்துவிடும்.

இங்கே நன்மை ஒழுங்கு. எடை, நீளம், வாலின் வகை எல்லாம் முன்கூட்டியே எழுதியிருக்கும். கேட்டால் கூர் தீட்டியும் கொடுப்பார்கள், தீட்டாமலும் கொடுப்பார்கள். இது முக்கியம், கேட்காவிட்டால் கண்காட்சிக்கென்று மழுங்கலாக வந்து சேர்ந்துவிடலாம். இங்கே விலை மட்டும் முழுச் செலவு ஆகாது. கூரியர் கட்டணம் சிறிய குக்ரியின் விலையையே நெருங்கலாம். சுங்கம் தனி. நேபாள ரூபாயில் விலை பார்த்தால் 160 நேபாள ரூபாய்க்கு 100 இந்திய ரூபாய் என்று கணக்குப் போடுங்கள், அந்த மாற்று விகிதம் நிலையானது.

முதல் தடவை வாங்குகிறவர், நேரில் போக வழியில்லாதவர், ஒரு தவறும் நேரக்கூடாது என்று நினைப்பவர் இதில் போகலாம். நண்பர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு நான் சொல்வது இதைத்தான்.

வழி நான்கு: பழைய குக்ரி

சேகரிப்பாளரின் பாதை இது. காத்மாண்டுவின் பழைய லகன் சிலேகானா ஆயுதக் கிடங்கிலிருந்த குக்ரிகள் 2003இல் மொத்தமாக அமெரிக்க வியாபாரிகள் கைக்குப் போயின. நீண்ட அலகுள்ள அந்தப் பழைய போஜ்புரேக்கள் இன்றும் சந்தையில் சுற்றுகின்றன. இரண்டாம் உலகப் போருக்காக இந்தியாவில் செய்யப்பட்ட, ஆண்டு முத்திரை குத்திய குக்ரிகளும் கிடைக்கும்.

வரலாறு பிடித்தவருக்கு இதற்கு ஈடில்லை. ஆனால் இது வெட்டும் கத்தி இல்லை. வாலில் துரு உள்ளே எவ்வளவு தூரம் தின்றிருக்கிறது என்பது வெளியே தெரியாது. தேய்த்துப் பளபளப்பாக்கினால் மதிப்பும் போய்விடும். 100 ஆண்டைத் தாண்டிய பொருளை நேபாளத்திலிருந்து தொல்லியல் துறையின் அனுமதியில்லாமல் வெளியே கொண்டுவர முடியாது. 'தாத்தா காலத்துக் கத்தி' என்று யாராவது தெருவில் நீட்டினால், அது உண்மையானாலும் சிக்கல், பொய்யானாலும் நட்டம். முதல் கத்தியாக வேண்டாம்.

நான்கையும் பக்கத்தில் வைத்தால்:

| | அலங்காரக் குக்ரி | பட்டறைக் குக்ரி | ஏற்றுமதிக் குக்ரி | பழையது |
|---|---|---|---|---|
| தோய்ச்சல் | பெரும்பாலும் நம்ப முடியாது | நன்று, சோதித்து வாங்க வேண்டும் | நன்று, சீரானது | கத்திக்குக் கத்தி மாறும் |
| வாலும் பிடியும் | பலவீனம் | பலமானது, கரடு | பலமானது | உள்ளே துரு இருக்கலாம் |
| விலை | குறைவு | நடுத்தரம் | நடுத்தரம் முதல் அதிகம் | அதிகம் |
| மறைந்த செலவு | மறுபடி வாங்குவது | பயணம் | கூரியர், சுங்கம் | அனுமதி, சரிபார்ப்பு |
| யாருக்கு | சுவருக்கு | வெட்டுபவருக்கு | முதல்முறை வாங்குபவருக்கு | சேகரிப்பாளருக்கு |

கொம்பா, மரமா

எருமைக் கொம்பு பார்க்க அழகு, கைக்கும் இதம். ஆனால் வறண்ட இடத்தில் சுருங்கி வெடிக்கும், குளிரூட்டிய அறையில் மாதக்கணக்கில் வைத்தாலும் அப்படித்தான். பூச்சியும் அரிக்கும். மரம் மழைக்காலத்தில் கொஞ்சம் உப்பும், வெயிலில் திரும்பிவிடும். சீஷம் மரப் பிடி நம் ஊர் ஈரத்துக்குத் தாங்குகிறது. அதனால் வேலைக்கு மரம், அதிலும் பனாவல் வால். சம்பிரதாயமான மெலிந்த வால் எடை குறைவு, கையில் அதிர்வும் குறைவு. சரியாகச் செய்திருந்தால் அதுவும் காலத்துக்கும் நிற்கும். ஆனால் சரியாகச் செய்திருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. முதல்முறை வாங்குபவருக்குப் பனாவலைச் சொல்வது அதனால்தான்.

கொண்டுவருவதும் சட்டமும்

விமானத்தில் கைப்பையில் போகவே போகாது, சரக்குப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். இந்தியாவின் ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைக் கூர் ஆயுதம் என்று தனி வகையில் வைக்கின்றன. குக்ரியின் பெயரே அதில் வருகிறது. வீட்டுக்கும் விவசாயத்துக்குமான கருவிகள் அந்த வகையில் சேராது என்றாலும், குக்ரி எதில் சேரும் என்று நாமே முடிவு செய்துகொள்வது நல்லதில்லை. ஆர்டர் போடும் முன் உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், கூரியரில் வரவழைப்பதானால் சுங்கத்திலும். இதில் தயக்கம் இருப்பவர்கள் 8 அங்குல அலகோடு வரும் சிறிய குக்ரியைப் பார்க்கலாம். தோட்ட வேலைக்கு அதுவே தாராளம்.

வாங்கிய பிறகு

முதல் பாடம் உருவுவது. உறை என்பது இரண்டு மரத் துண்டுகளை ஒட்டித் தோல் போர்த்தியது. கூர் பக்கத்தில் இருப்பது மெல்லிய ஒட்டு மட்டுமே. உறையை முழுக் கையால் சுற்றிப் பிடித்து இழுத்தால் கத்தி அந்த ஒட்டைப் பிளந்துகொண்டு விரலில் வந்து நிற்கும். முதுகுப் பக்கமாக மட்டும் உறையைப் பிடியுங்கள், கூர் பக்கத்தில் ஒரு விரலும் இருக்கக்கூடாது. கத்தியின் முதுகு உறையின் முதுகில் உரசியபடி மெதுவாக வரட்டும். உள்ளே போடும்போதும் அப்படியே. வீட்டில் யாராவது "காட்டு பார்க்கலாம்" என்று கேட்டால், கொடுக்கும் முன் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்தது துரு. இது துருப்பிடிக்காத எஃகு இல்லை. விரல் ரேகை பட்ட இடத்தில்கூட இரண்டே நாளில் பழுப்புப் புள்ளி வரும். வெட்டி முடித்ததும் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டுத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுத்து அழுக்கைப் பிடிக்கும். உணவு வெட்டுவதானால் மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின். மழைக்காலத்தில் உறைக்குள் வைத்து மூடிவிடாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு அலகைத் தின்னும். எண்ணெய் தடவி, துணி சுற்றி, உறையைத் தனியாக வையுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பூட்டிய இடத்தில்.

சாணைக்காரரிடம் கொடுக்காதீர்கள், இதை அழுத்தியே சொல்கிறேன். சுழலும் கல்லின் சூட்டில் வாய் நீலம் பூத்துவிட்டால் கொல்லர் ஊற்றிய தோய்ச்சல் அந்த இடத்தில் செத்துவிடும். குக்ரியின் வாய் தட்டையாகச் சரியாமல் லேசாகப் புடைத்து இறங்குகிறது. அந்தப் புடைப்புத்தான் கட்டையில் சிக்காமல் காக்கிறது. தட்டைக் கல்லில் தேய்த்தால் அது போய்விடும். பழைய மவுஸ் பேடின் மேல் 400, பிறகு 800, கடைசியில் 1500 எண் உப்புத்தாளை வைத்து, வாய்க்கு எதிர்த்திசையில், முதுகுப் பக்கமாக மட்டும் இழுங்கள். வளைவில் கையை மெல்லத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். முதல் முறை ஒரு மணி நேரம் எடுக்கும். அப்புறம் தினசரிக்குச் சக்மக்கே போதும்.

பிடியைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் விட்டுவைக்கக் கூடாது, சூட்டில் லாஹா இளகிப் பிடி ஆடத் தொடங்கும். ஆடினால் பயப்படவும் வேண்டாம், வால் நீளமாக இருந்தால் அது சரிசெய்யக்கூடிய விஷயம். என்னுடைய இரண்டாவது குக்ரி, பட்டறையில் வாங்கியது, மூன்றாம் ஆண்டில் லேசாக ஆடியது. அடுத்த பயணத்தில் அதே பட்டறைக்கு எடுத்துப்போனேன். கொல்லர் பிடியைக் கழற்றினார், பழைய லாஹாவைச் சுரண்டினார், வாலைச் சுடவைத்துப் புதிதாக ஊற்றி அழுத்தினார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. கூலி வாங்க மாட்டேன் என்றார். நான் வற்புறுத்திக் கொடுத்ததும், சக்மக்கையும் கேட்டு வாங்கி இன்னொரு முறை நெருப்பில் வைத்துத் தண்ணீர் காட்டிக் கொடுத்தார்.